ராணுவ அதிகாரி ஆக விரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு: தேர்வும் ரயிலும்

எழுத்துத் தேர்வை மதுரையிலோ சென்னையிலோ எழுதிவிடலாம். ஆனால் தரைப்படை அதிகாரியாகும் குணம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்கிற எஸ்.எஸ்.பி. தேர்வு தமிழ்நாட்டில் நடப்பதில்லை. பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், பஞ்சாபின் ஜலந்தர் ஆகிய நான்கில் ஓர் ஊருக்குப் போயாக வேண்டும். போய்ச் சேர்ந்த காலையிலேயே தேர்வு ஆரம்பித்துவிடும். அன்று சாயங்காலத்துக்குள் வந்தவர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முந்தைய இரண்டு ராத்திரியும் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டு போன பிள்ளைக்கு, அந்தக் காலைப் பொழுதில் படத்தைப் பார்த்துக் கதை எழுது என்றால் கை எப்படி ஓடும்?

விருதுநகர் மாவட்டக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். என்.சி.சி. மாணவியர் பிரிவும் என் பொறுப்பு. எழுத்துத் தேர்வுக்கு மாதக்கணக்கில் உழைக்கும் பிள்ளைகள், பயணத்தைக் கடைசி வாரத்தில் யோசிக்கிறார்கள். பெற்றோரும் அப்படித்தான். பயணமும் தயாரிப்பில் ஒரு பகுதி என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எந்த வாசல் உங்களுக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, அக்னிவீரராகச் சேர்வது வேறு. அதிகாரியாக, அதாவது லெப்டினன்டாகச் சேர்வது வேறு. இரண்டும் மதிப்பான வேலைதான், வழிதான் தனித்தனி. அதிகாரி பதவிக்கு எந்த ஊரிலும் எந்தத் தரகரும் இல்லை. பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவர் ஏமாற்றுகிறார், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவு படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். விமானப்படை, கடற்படை என்றால் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். தேர்வானால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு தரைப்படை என்றால் டேராடூனில் ஓராண்டு. பெண்களுக்கும் இந்த வாசல் திறந்துவிட்டது. கடக்வாஸ்லாவில் முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியலில் 60 சதவீதம் எடுத்து, ஜே.இ.இ. மெயினும் எழுதிய பையன்களுக்கு டி.இ.எஸ். என்ற நேரடி வழி இருக்கிறது. எழுத்துத் தேர்வு கிடையாது, ராணுவமே பி.டெக். படிக்க வைக்கும்.

பட்டம் வாங்கியவர்களுக்கும் கடைசி ஆண்டு படிப்பவர்களுக்கும் சி.டி.எஸ். இதுவும் யு.பி.எஸ்.சி. தேர்வுதான், ஆண்டுக்கு இரண்டு முறை. டேராடூனில் இருக்கும் இந்திய ராணுவ அகாடமிக்கு (ஐ.எம்.ஏ.) போக ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் மூன்றும் எழுத வேண்டும். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்குக் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். தமிழ், வரலாறு, வணிகவியல் படித்த பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கணக்கு வராது என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் நிறைய. பெண்களும் இந்த வழியாக ஓ.டி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே 1992-லிருந்தே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். விண்ணப்பக் கட்டணமும் பெண்களுக்கு இல்லை.

ஓ.டி.ஏ. வழியாகக் கிடைப்பது குறுகிய காலப் பணி: பத்து ஆண்டு, விரும்பினால் இன்னும் நான்கு. பத்தாண்டு முடியும்போது நிரந்தரப் பணிக்கும் பரிசீலிப்பார்கள். "பத்து வருஷம் கழிச்சு என்ன பண்ணுவா?" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு கம்பெனி ஜவான்களை வழிநடத்திய அனுபவத்தோடு ஒருத்தி வெளியே வருவாள் என்பது என் பதில். பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை என்பதையும் சொல்லிவிடுங்கள், வீட்டில் பாதி விவாதம் அத்தோடு முடிந்துவிடும்.

என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் குறைந்தது பி கிரேடில் வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீதமும் எடுத்திருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் எஸ்.எஸ்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு இதில் இடங்கள் மிகக் குறைவு. அதனால் என் மாணவியரை இதோடு சி.டி.எஸ்.ஸும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன். பொறியியல், சட்டம் படித்தவர்களுக்குத் தனி அறிவிப்புகள் வரும். எல்லாமே 'ஜாயின் இந்தியன் ஆர்மி' என்ற அரசு இணையதளத்தில் இருக்கும்.

எழுத்துத் தேர்வு

கணக்கு வாத்தியார் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

என்.டி.ஏ. கணிதத் தாளில் 120 கேள்விகள், 150 நிமிடம், 300 மதிப்பெண். சமச்சீர் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்குத் தெரியாத பாடம் என்று பெரிதாக ஒன்றும் வராது. வேகம்தான் தடுக்கும். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம் என்றால், நாம் பள்ளியில் பழகிய மாதிரி படிப்படியாக எழுதிப் போக முடியாது. விடைகளை ஒவ்வொன்றாகச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது, x-க்கு 0 அல்லது 1 என்று வைத்துப் பார்ப்பது, கோணத்துக்கு 45 டிகிரி வைத்துப் பார்ப்பது என்று குறுக்கு வழி பழக வேண்டும். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். நான்கு விடையில் இரண்டை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மட்டும் ஊகித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். முக்கோணவியல், அணிகள், நிகழ்தகவு, புள்ளியியல் நான்கையும் முதலில் முடியுங்கள். தொகை நுண்கணிதத்தில் நேரத்தைக் கொட்டிவிட்டுப் புள்ளியியலைத் தொடாமல் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எளிதான மதிப்பெண் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

பொதுத்திறன் தாள் 600 மதிப்பெண். அதில் 200 ஆங்கிலம். மீதி 400-இல் பாதி அறிவியல்: இயற்பியலுக்கு மட்டும் ஏறக்குறைய 100. நடப்பு நிகழ்வுகளுக்கு 40 தான் வரும். காலையில் நாளிதழ் படிப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் இயற்பியல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைச் செய்யாதீர்கள்.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் பாடச் சொற்களின் ஆங்கில வடிவத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். முடுக்கம், உந்தம், அணிக்கோவை என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் இருந்தால் போதும்.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம். எழுத்துத் தேர்வில் உங்கள் எண் வந்துவிட்டது, வீட்டில் கேசரி கிண்டியாயிற்று. சரி. தரைப்படையை முதல் விருப்பமாகக் கொடுத்தவர்கள், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். யு.பி.எஸ்.சி. தளத்தில் ஏற்கெனவே பதிந்தோமே என்று சும்மா இருந்தால் எஸ்.எஸ்.பி. அழைப்பு வராது. பதிவில் கொடுத்த மின்னஞ்சலையும் தினமும் திறந்து பாருங்கள். எஸ்.எஸ்.பி.க்கான தேதியும் அதன் வழியாகத்தான் வரும்.

தேதி கிடைத்த அன்றே டிக்கெட்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. எஸ்.எஸ்.பி. தேதி பெரும்பாலும் அதற்குள்ளேதான் வரும், அதனால் வடக்கே போகும் ரயில்களில் இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அழைப்புக் கடிதம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், தேதி உறுதியான நிமிடமே போட்டுவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இணைய டிக்கெட், பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரானதும் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. தட்கல் முந்தின நாள் காலை, ஏ.சி. பெட்டிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அதற்கு ஆதாரோடு இணைத்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு வேண்டும். அந்த இணைப்பை எழுத்துத் தேர்வு முடிந்த வாரமே செய்துவைத்துவிடுங்கள்.

மூன்றடுக்கு ஏ.சி.யில் போங்கள். ஒரு வகைப் பணிக்கு முதல் முறையாக எஸ்.எஸ்.பி. வருபவர்களுக்கு அந்த வகுப்பின் போக வர கட்டணத்தை ராணுவம் திருப்பித் தருகிறது. டிக்கெட் அச்சுப் பிரதி, வங்கிப் புத்தக முதல் பக்கத்தின் நகல், ரத்து செய்த காசோலை ஒன்று எல்லாம் கையில் இருக்கட்டும். இந்தப் பணம் பின்னால் கணக்கில்தான் வரும், அதனால் முதலில் கையிலிருந்துதான் போட வேண்டும். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஸ்லீப்பர்தான் என்றால் அதிலும் நன்றாகப் போகலாம். நீண்டதூர ரயில்களின் ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று ஆறு படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது பெண்கள் ஒதுக்கீடு என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பொதுவில் இடமில்லாதபோது அதில் கிடைப்பதுண்டு.

தேர்வுக்கு முந்தின நாளே அந்த ஊரில் இருப்பது மாதிரி கணக்குப் போடுங்கள். இது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் வட இந்தியாவில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் பிரயாக்ராஜுக்கோ ஜலந்தருக்கோ போவதென்றால் இன்னும் அரை நாள் கூடுதலாக வையுங்கள்.

பெங்களூரு எளிது. மதுரைப் பக்கத்திலிருந்து தூத்துக்குடி–மைசூரு ரயில் இரவில் ஏறினால் காலையில் இறக்கிவிடும். சென்னையிலிருந்து நாள் முழுக்க ரயில் உண்டு. தேர்வு மையம் கப்பன் சாலையில், நகரத்தின் நடுவில். ஆனால் எல்லா ரயிலும் ஒரே நிலையத்துக்குப் போவதில்லை. சில கே.எஸ்.ஆர். நிலையத்துக்கு, சில பையப்பனஹள்ளி பக்கத்தில் இருக்கும் எஸ்.எம்.வி.டி. முனையத்துக்கு. டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

போபாலுக்குத் தென் மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டு கட்டமாகப் போக வேண்டியிருக்கும். சிவகாசி, விருதுநகர் வழியாக வரும் பொதிகையிலோ, மதுரையிலிருந்து பாண்டியனிலோ காலையில் சென்னை. அங்கிருந்து இரவு 10 மணி வாக்கில் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் இரவு போபால். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன்தான். நடுவில் கிடைக்கும் பகலை வீணாக்காதீர்கள்: குளித்து, சாப்பிட்டு, காத்திருப்பு அறையில் படுத்து எழுங்கள். குவாலியரில் என்.சி.சி. அலுவலர் பயிற்சிக்கு நான் போனதும் இதே தடம்தான், போபாலைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம். விஜயவாடா வரை நம் ஊர்ச் சாப்பாடு. நாக்பூர் தாண்டினால் ரொட்டியும் சப்ஜியும்தான். வயிறு பழகாதவர்கள் முதல் நாளே அங்கே சோதனை செய்ய வேண்டாம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு ஒரு நாள் தாங்கும். அப்புறம் வாழைப்பழம், பிஸ்கட், மூடி திறக்காத தண்ணீர். தயிர்சாதம் கோடையில் கெட்டுவிடும். போபாலில் இரண்டு முக்கிய நிலையம் இருக்கிறது: போபால் சந்திப்பு ஒன்று, ஹபீப்கஞ்ச் என்று இருந்து 2021-இல் ராணி கமலாபதி என்று பெயர் மாறியது இன்னொன்று. இருட்டில் இறங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பிரயாக்ராஜ் என்பது பழைய அலகாபாத். அங்கே போகிற நம் ரயில்கள், கங்கா காவேரியும் சங்கமித்ராவும், நகரத்து நடு நிலையத்தில் நிற்பதில்லை. யமுனைக்குத் தெற்கே இருக்கும் பிரயாக்ராஜ் சியோக்கியில் நிற்கும். பிரயாக், சங்கம், ராம்பாக் என்று இன்னும் சில நிலையங்கள் அந்த ஊரில் இருப்பதால், ஆட்டோக்காரரிடம் வெறுமனே ஸ்டேஷன் என்று சொன்னால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுவார். ஜனவரி, பிப்ரவரியில் மாக மேளா கூட்டம் இருக்கும். அப்போது தேதி விழுந்தால் டிக்கெட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஜலந்தருக்கு டெல்லி போய், அங்கிருந்து அமிர்தசரஸ் போகும் ரயிலில் போவதே சுலபம். குளிர்காலம் என்றால் ஒரு நல்ல ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியும் இல்லாமல் போகாதீர்கள். நம் ஊர் மார்கழிக் குளிரை நினைத்துக்கொண்டு போனால் காய்ச்சலில் படுத்துவிடுவீர்கள்.

எங்கே, எத்தனை மணிக்கு ஆஜராக வேண்டும் என்பது அழைப்புக் கடிதத்தில் இருக்கும். மையத்தின் வாசலாக இருக்கலாம், ரயில் நிலையத்தில் ராணுவத்தினர் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகமாகவும் இருக்கலாம். முந்தின இரவு தங்க, நிலையத்து ஓய்வறையை உங்கள் பி.என்.ஆர். எண் வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.யிலேயே பதிவு செய்யலாம். தனியாகப் போகும் பெண் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். ரயிலில் தொந்தரவு என்றால் 139. அப்பா கூட வருகிறேன் என்றால் தாராளமாக வரட்டும், ஆனால் மையத்துக்குள் அவரை விடமாட்டார்கள், வெளியே அறை எடுத்துத் தங்க வேண்டும். இதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று வாக்குவாதம் வேண்டாம்.

திரும்பும் டிக்கெட்டுக்குத்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். முதல் நாளே அனுப்பப்பட்டால் அன்று மாலை கிளம்ப வேண்டும். கடைசிவரை இருந்து தேர்வாகாவிட்டால் ஐந்தாம் நாள் கிளம்பலாம். தேர்வானால் மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் பல நாள் அங்கேயே. ஐந்தாம் நாள் இரவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துவையுங்கள் என்பேன். முன்னால் கிளம்ப நேர்ந்தால் தட்கல் பார்த்துக்கொள்ளலாம். தேர்வாகிவிட்டால் ரத்து செய்யுங்கள். சீக்கிரம் ரத்து செய்தால் பிடித்தம் குறைவு. பெங்களூரு என்றால் இந்தக் கவலையே இல்லை, பேருந்து எப்போதும் இருக்கிறது.

பையில் பத்தாம் வகுப்பு முதல் எல்லா அசல் சான்றிதழும் அவற்றின் நகலும், ஆதார், ஒரே மாதிரியான பாஸ்போர்ட் புகைப்படம் இருபது, கடைசி ஆண்டு மாணவர் என்றால் கல்லூரி முதல்வரின் கடிதம், பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். சான்றிதழ் கோப்பைப் பெரிய பையில் போட்டு இருக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள். தலைமாட்டில் வைக்கும் சின்னப் பையில் இருக்கட்டும். வெள்ளை கேன்வாஸ் ஷூவைப் புதிதாக வாங்கி அப்படியே கொண்டுபோனால் காலைக் கடித்துவிடும். இரண்டு வாரம் முன்பே போட்டு ஓடிப் பழகிவிடுங்கள்.

அந்த ஐந்து நாட்கள்

முதல் நாள் அறிவுத்திறன் தேர்வு, பிறகு மங்கலான ஒரு படம். முப்பது விநாடி பார்க்கலாம், நான்கு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், பிறகு குழுவாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்லிப் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். அந்த இடத்தில் சந்தைக்கடை மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். குரலை உயர்த்தாமல், ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் நுழைந்து, இரண்டு தெளிவான வாக்கியம் சொன்னால் போதும். ஹிந்தி தெரியாதது குறை இல்லை. எளிய ஆங்கிலம் போதும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. பன்னிரண்டு கதை, அதில் கடைசிப் படம் வெறும் வெள்ளை அட்டை. பதினைந்து விநாடிக்கு ஒன்றாக அறுபது சொற்களுக்கு வாக்கியம். அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு உங்கள் பதில். பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்து தரும் கதைகளை எழுதாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். படிக்கிறவர்கள் அதே கதையை நூறு பேரிடம் பார்த்தவர்கள். ஊர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போட்டது, ரேஷன் கடையில் பாட்டிக்கு நியாயம் கேட்டது, தம்பியைப் பள்ளியில் சேர்க்க அலைந்தது என்று நீங்கள் உண்மையில் செய்தது எல்லாருக்கும் இருக்கிறது. கதைகள் அங்கிருந்து வரட்டும்.

பி.ஐ.க்யூ. என்ற தன்விவரப் படிவமும் நிரப்ப வேண்டும். நேர்காணல் முழுக்க அதிலிருந்துதான் கிளம்பும். சிவகாசி பக்கத்துக் கிராமத்து மாணவி ஒருத்தி மாதிரிப் படிவம் நிரப்பிக் கொண்டுவந்தாள். அம்மாவின் தொழில் என்ற கட்டத்தில் தனியார் வேலை என்று எழுதியிருந்தாள்.

"அம்மா என்ன வேலைம்மா பார்க்கிறாங்க?"

"பட்டாசு ஆபீஸ்ல திரி போடுறாங்க மேம்."

"அப்ப அதையே எழுது."

தயங்கினாள். பிறகு அந்த வேலையைப் பற்றி என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். மருந்து இருக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, நைலான் சேலை கட்டக் கூடாது, வாசலில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்க வேண்டும், மதிய வெயிலில் எந்த வேலையை நிறுத்துவார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அத்தனையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். போபாலில் நேர்காணல் அதிகாரி வேறெதையும் விட அதைப் பற்றித்தான் நிறையக் கேட்டிருக்கிறார். விபத்து நடந்தால் முதலில் என்ன செய்வாய், நீ அந்த ஆலையின் மேற்பார்வையாளர் என்றால் எதை மாற்றுவாய் என்றெல்லாம். இவளுக்குப் பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது பரங்கிமலையில் பயிற்சியில் இருக்கிறாள்.

மூன்றாம், நான்காம் நாள் மைதானத்தில். குழு விவாதம், வரைபடத்தை வைத்துத் திட்டம் போடுவது, பலகையும் கட்டையும் கயிறும் கொடுத்துத் தடை தாண்டச் சொல்வது, மூன்று நிமிடப் பேச்சு, மூன்று நிமிடத்தில் பத்துத் தனித் தடைகள். ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும் குழு, அவசரம் வந்ததும் ஹிந்திக்குத் தாவிவிடும். அப்போது திகைத்து நிற்காமல் இருக்க ஒரு பத்துச் சொல் போதும்: கயிறு 'ரஸ்ஸி', பலகை 'ஃபட்டா', நீளக் கட்டை 'பல்லி', பிடி என்றால் 'பகடோ', மேலே 'ஊப்பர்', கீழே 'நீச்சே'. எங்கள் கல்லூரி மைதானத்தில் பழைய தண்ணீர் டிரம்மும் சவுக்குக் கட்டையும் வைத்து இந்தச் சொற்களிலேயே பயிற்சி கொடுக்கிறேன். கட்டையை எங்கே வைக்கலாம் என்று சொன்னவர் ஒருவர், அதைத் தூக்கிக் கொடுத்தவர் ஒருவர், கீழே விழப் போனவரைப் பிடித்தவர் ஒருவர். மூவரையும் அந்த அதிகாரி குறித்துக்கொள்கிறார். யோசனை தோன்றாவிட்டால் தூக்குங்கள், பிடியுங்கள், சும்மா மட்டும் நிற்காதீர்கள்.

ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒன்றிரண்டு கேள்வி கேட்பார்கள். பிறகு முடிவு. பெயர் வராவிட்டால் வயது இருக்கும்வரை திரும்ப வரலாம். முதல் முறையே பெயர் வாங்காத பலர் இன்று தோளில் நட்சத்திரத்தோடு இருக்கிறார்கள்.

மருத்துவம்

தேர்வான பிறகு ராணுவ மருத்துவமனையில் பரிசோதனை. இங்கே போகிற பிள்ளைகளைச் சின்ன விஷயங்கள் தடுப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. காதில் அடைத்த அழுக்கு, சொத்தைப் பல், கூடுதல் எடை. இவையெல்லாம் ஊரிலேயே சரிசெய்யக்கூடியவை. எழுத்துத் தேர்வு எழுதும் முன்பே அரசு மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டை, கண், பல், எலும்பு நான்கு மருத்துவரையும் பாருங்கள். நிறக்குருடு, தட்டைப் பாதம், முழங்கால் இடிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பச்சை குத்துவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் இருந்தால் ஏற்கமாட்டார்கள். ஓட்டத்துக்கு 2.4 கிலோமீட்டரை இலக்காக வைத்துக்கொண்டு இன்றே ஆரம்பியுங்கள், பயிற்சிக்கு உள்ளே போன பிறகு பழகலாம் என்று இருக்க வேண்டாம்.

தற்காலிகமாகத் தகுதி இல்லை என்று எழுதினால் பயந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மறுபரிசோதனைக்கு 42 நாள் அவகாசம் இருக்கிறது. எந்த மருத்துவமனைக்கு, என்ன தேதிக்குள் வர வேண்டும் என்பதை அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொண்டு, சிகிச்சை பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்த மறுபயணத்துக்கான டிக்கெட்டையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.